செயலாளர் விலகினாரா, விலக்கப்பட்டாரா? – நம் சங்க விவகாரம்

பழைய_அணா | திங்கள், காலை 6.50

நண்பர்களே, சங்கத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள், காசும் ஸ்டாம்பும் சேர்க்கிறவர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிற ஒரு மாவட்டச் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 11 வருட உறுப்பினர். எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. கூட்டத்துக்குப் போவேன், இரண்டு பிரிட்டிஷ் இந்தியா செப்புக் காசு வாங்குவேன், வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவேன்.

நேற்றுச் செயற்குழு கூடியது. வருடாந்திரக் கண்காட்சிக்கு டீலர்களுக்கு மேசை ஒதுக்குவதில் சண்டை. வாசலை ஒட்டிய முதல் வரிசை மேசை யாருக்கு என்பதுதான் எப்போதும் சிக்கல். குலுக்கல் போடலாம் என்றார் செயலாளர். சங்கத்துக்கு நன்கொடை தந்த பழைய டீலர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றார் தலைவர். தலைவரும் டீலர்தான்.

இரவு 11.20க்கு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதியது: "இனி இந்தப் பதவி எனக்கு வேண்டாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்." 11.50க்குத் தலைவர்: "ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டது. இணைச் செயலாளர் பொறுப்பேற்பார்." கீழே ஒன்பது கட்டைவிரல், இரண்டு கும்பிடு.

காலையில் செயலாளர், கோபத்தில் எழுதியது, ராஜினாமா அல்ல என்கிறார். மினிட்ஸ் புத்தகம், செக் புத்தகம், பீரோ சாவி மூன்றும் அவர் வீட்டில். இப்போது நமக்குச் செயலாளர் யார்?

செப்புக்காசு | திங்கள், காலை 7.30

அரை மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டாரா! போன வருடம் என் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துத் தர நான்கு மாதம் ஆனது.

முதல்நாள்_உறை | திங்கள், காலை 8.05

நான் அஞ்சல் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். எழுத்தில் கொடு, ஒப்புதல் வாங்கு, நகல் வைத்துக்கொள், இதுதான் எங்களுக்குப் பாடம். ராஜினாமா என்றால் யாருக்கு எழுதினார், யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்று இருக்க வேண்டும். இருநூறு பேர் குழுவில், குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கும் போலி 786 நோட்டுப் படத்துக்கும் நடுவில் போட்டது ராஜினாமா ஆகுமா?

கட்டைவிரல் | திங்கள், காலை 9.10

அந்த ஒன்பதில் ஒரு விரல் என்னுடையது. எனவே மறுபக்கத்தையும் கேளுங்கள்.

இது அவருடைய முதல் ராஜினாமா அல்ல. குறைந்தது மூன்று தடவை இதே மாதிரி எழுதியிருக்கிறார். ஒருமுறை நூலகப் புத்தகங்களைக் கணக்கெடுக்கலாம் என்றதற்கு. ஒருமுறை ஏலக் கமிஷன் கணக்கைக் கேட்டதற்கு. இன்னொருமுறை எதற்கென்றே எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான்கு பேர் வீட்டுக்குப் போய், காபி குடித்து, "நீங்கள் இல்லாமல் சங்கமா சார்" என்று சொல்லி அழைத்து வருவோம். வந்தவுடன் நாம் கேட்ட கேள்வி காணாமல் போய்விடும். இந்தத் தடவை யாரும் போகவில்லை. அதுதான் அவருக்குக் கோபம்.

தலைவர் டீலர் என்று குத்திக்காட்டுகிறீர்கள். கண்காட்சிக்கு மண்டப வாடகையை முன்பணமாகக் கட்டுவது யார்? சேகரிப்பாளர்களாகிய நாம் நுழைவுக் கட்டணம் இல்லாமல் உள்ளே வந்து, விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டு, நெட்டில் இதைவிட மலிவு என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

பழைய_அணா | திங்கள், காலை 9.40

அண்ணே, கடைசி வரி என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று புரிகிறது.

மூன்று தடவை என்பது உண்மைதான். ஆனால் மூன்று தடவை ராஜினாமா செய்து மூன்று தடவையும் அது செல்லவில்லை என்றால், நான்காவது மட்டும் எப்படிச் செல்லும்? முன்பு வாபஸ் வாங்க விட்டோமே.

தீப்பெட்டிப்படம் | திங்கள், பகல் 12.15

சிவகாசி லேபிள் சேர்க்கும் என்னைச் சங்கத்தில் யாரும் ஆளாகவே மதிப்பதில்லை. அதனால் நடுநிலையாகச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி நினைவிருக்கிறதா? 5ஆம் தேதி முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா. மறுநாள் ஆளுநர் ஏற்றுக்கொண்டார். 7ஆம் தேதி இரவு மெரினாவில் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று பேட்டி. நம் செயலாளரும் எங்காவது போய் உட்கார்ந்திருக்கிறாரா பாருங்கள்.

நெறியாளர் | திங்கள், பகல் 12.25

கட்சி அரசியல் வேண்டாம். அந்த ஒரு உவமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது வந்தால் இழையைப் பூட்டிவிடுவேன்.

கறுப்புக்கோட்டு | திங்கள், இரவு 8.40

கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். நான் உங்கள் ஊர்ச் சங்கத்து ஆள் அல்ல. பாண்டியர் காசு பார்க்க இந்தத் தளத்துக்கு வருகிறவன். ஆனால் நெறியாளர் தடுத்த உவமையில் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ராஜினாமா எல்லாப் பதவிக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கம்பெனி இயக்குநர் என்றால் 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 168ஆம் பிரிவு. அவருடைய கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் அவர் குறித்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றே பதவி போய்விடும். யாரும் ஏற்க வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர் என்றால் நேர் எதிர். 1974இல் வந்த 33ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, அது மனமுவந்து கொடுத்ததுதானா, உண்மையானதுதானா என்று சபாநாயகர் பார்க்க வேண்டும். இல்லையென்று பட்டால் ஏற்கக் கூடாது.

நடுவில் சுவையான ஒரு வழக்கு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே 7 அன்று குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், ஆகஸ்ட் 1 முதல் விலகுகிறேன் என்று. ஜூலை 15 அன்று மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றார். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. 1978இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குறித்த நாள் வரும்வரை அவர் பதவியில்தான் இருக்கிறார், அதற்குள் திரும்பப் பெறலாம் என்றது. கோபால் சந்திர மிஸ்ரா வழக்கு என்று சொல்வோம்.

உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் வருவது. அந்த மாதிரிச் சங்கத்தில் இதற்கெல்லாம் பதில் துணைவிதியில்தான் இருக்கும். விலகல் யாருக்குக் கொடுக்க வேண்டும், எழுத்திலா, யார் ஏற்க வேண்டும், எப்போது அமலாகும்? துணைவிதியை யாராவது படித்தீர்களா?

செப்புக்காசு | திங்கள், இரவு 8.55

துணைவிதியா? சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கினார்கள். கண்ணால் பார்த்ததில்லை.

முதல்நாள்_உறை | திங்கள், இரவு 9.20

என்னிடம் ஒரு ஜெராக்ஸ் இருக்கிறது, தேடுகிறேன். உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் கிடைத்தாலும் கிடைக்கும், இது கிடைக்காது போலிருக்கிறது.

கிள்ளான்காரன் | செவ்வாய், காலை 7.05

மலேசியாவிலிருந்து வணக்கம். எங்கள் ஊரில் சங்கம் என்றாலே ஆர்ஓஎஸ், அதாவது சங்கப் பதிவிலாகாதான் கடவுள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும். 2013இல் நடந்த மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி) உதவித் தலைவர், மத்திய செயலவைத் தேர்தல்களையே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள், மறுபடி நடத்தச் சொல்லி. (நெறியாளர் ஐயா, இது கட்சி அரசியல் அல்ல, பதிவிலாகா பற்றியது!) அதனால் எங்கள் நாணயச் சங்கத்தில் மினிட்ஸ் எழுதுகிறவர்தான் ராஜா. எழுதாமல் விட்டது நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

உங்கள் ஆள் மினிட்ஸ் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அவருடைய ராஜினாமாவை ஏற்ற தீர்மானத்தை எதில் எழுதுவீர்கள்?

கட்டைவிரல் | செவ்வாய், காலை 8.30

புது நோட்டு வாங்கியிருக்கிறோம்.

பழைய_அணா | செவ்வாய், காலை 8.45

அண்ணே, பழைய மினிட்ஸ் ஒரு வீட்டில், புது மினிட்ஸ் ஒரு வீட்டில். சங்கம் இரண்டாகிவிட்டது. நீங்கள்தான் கவனிக்கவில்லை.

ஈயக்காசு | செவ்வாய், காலை 10.50

நீங்கள் பேசுவதைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்கள் மட்டும் இப்படி என்று தோன்றும். அமெரிக்க நாணயவியல் சங்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

ஜார்ஜ் ஹீத் என்று ஒரு மருத்துவர், மிச்சிகன் மாநிலத்து மன்றோ என்ற சிற்றூர்க்காரர். 1888இல் சொந்தமாக ஒரு நாணயப் பத்திரிகை தொடங்கினார். அதில் அவர் விடுத்த அழைப்பால்தான் 1891இல் சிகாகோவில் சங்கம் பிறந்தது. பத்திரிகை சங்கத்தின் குரலாக இருந்தது, ஆனால் சொத்து ஹீத்தினுடையது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நல்ல மனிதர், நம்ம டாக்டர்தானே என்று. 1908இல் அவர் இறந்துபோனார். அப்போது சங்கத் தலைவராக இருந்த ஃபரான் செர்பே என்பவர், ஹீத்தின் குடும்பத்திடமிருந்து பத்திரிகையைத் தன் பெயரில் வாங்கிவிட்டார்.

இவர் 1904 செயின்ட் லூயி பொருட்காட்சிக்கான நினைவுத் தங்க டாலர்களை ஒரு டாலர் காசு மூன்று டாலர் என்று விற்ற ஆள். இரண்டரை லட்சம் அடித்து, பெரும்பகுதி விற்காமல் உருக்கினார்கள். வியாபாரி தலைவராகவும் இருக்கிறார், பத்திரிகையும் அவர் கையில். விடுவார்களா? தாமஸ் எல்டர் என்ற நியூயார்க் டீலர் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். 1909இல் மொன்றியல் மாநாட்டுத் தேர்தலில் பதிலாள் வாக்குகளை வைத்துப் பெரிய ரகளை. செர்பேயின் ஆளே வென்றார். கடைசியில் மொன்றியல்காரர் வில்சன் என்ற செல்வந்தர், செர்பேயிடமிருந்து பத்திரிகையை விலைக்கு வாங்கிச் சங்கத்துக்கே தானமாகக் கொடுத்தார். அது 1911. பிரச்சினை தீர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், பின்னால் பல பத்தாண்டுகள் அந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த விருது செர்பே பெயரில்தான் இருந்தது.

நம் ஊரில் வில்சன் யாரும் இல்லை. ஆனால் பத்திரிகை இருக்கிறது, பீரோ வடிவத்தில்.

செப்புக்காசு | செவ்வாய், காலை 11.20

அருமை. ஒரு சந்தேகம்: அதில் கெட்டவர் யார், செர்பேயா ஹீத்தா? பத்திரிகையைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றாமல் பதினேழு வருடம் வைத்திருந்தவரை யாரும் திட்டவில்லையே.

ஈயக்காசு | செவ்வாய், காலை 11.35

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நல்லவர் வீட்டில் இருக்கும் சாவிதான் ஆபத்து. கெட்டவர் வீட்டில் இருந்தால் மறுநாளே கேட்டு வாங்கியிருப்போம்.

தீப்பெட்டிப்படம் | செவ்வாய், மாலை 4.10

பீரோவில் அப்படி என்னதான் இருக்கிறது?

பழைய_அணா | செவ்வாய், மாலை 4.50

எனக்குத் தெரிந்தவரை: காசு பட்டியல் புத்தகங்கள் ஒரு வரிசை, பாதி பழைய பதிப்பு. சங்கத்தின் சிறப்பு உறைகள், விற்காமல் கட்டுக்கட்டாக. முத்திரை குத்திய தேதி போனபிறகு யார் வாங்குவார்கள்? போன ஏலத்தில் போகாத லாட்டுகள். அதில் 47ஆம் லாட் என்னுடையது, 1835ஆம் வருடத்துக் கால் அணா நான்கு. ஒரு துல்லியத் தராசு. 2004இல் வாங்கிய ஒரு புரொஜக்டர், யாரும் போட்டுப் பார்த்ததில்லை. இதற்குத்தான் இத்தனையும்.

இல்லை, இதற்கு மட்டும் இல்லை. செக்கில் இருவர் கையெழுத்து வேண்டும், செயலாளர், பொருளாளர். மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்ட இன்னும் மூன்று வாரம்தான்.

கட்டைவிரல் | செவ்வாய், இரவு 7.15

இன்று நானும் தலைவரும் வங்கிக்குப் போனோம். கையெழுத்தை மாற்றித் தரச் சொன்னோம். தீர்மான நகல் கேட்டார்கள், புது நோட்டிலிருந்து எழுதிக் கொடுத்தோம். மேலாளர் படித்துவிட்டு, "உங்கள் செயலாளர் காலையிலேயே வந்து, எந்த மாற்றமும் ஏற்கக் கூடாது என்று கடிதம் கொடுத்திருக்கிறார்" என்றார். இரண்டு தரப்பும் சேர்ந்து வரும்வரை கணக்கில் கை வைக்க முடியாதாம்.

என்னடா இது, நாம் சேர்த்த பணம் என்று ஆத்திரமாக வந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது தலைவர் ஒன்றும் பேசவில்லை. முன்பணம் அவர் கைக்காசு என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதல்நாள்_உறை | புதன், காலை 6.30

கிடைத்தது! துணைவிதி 14: "பதவி விலக விரும்பும் நிர்வாகி தம் கையொப்பமிட்ட கடிதத்தைத் தலைவரிடம் அளிக்க வேண்டும். அது செயற்குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டு ஏற்கப்பட்ட நாளிலிருந்து அமலுக்கு வரும்." மேலே பேனாவில், "2009 பொதுக்குழுவில் திருத்தப்பட்டது" என்று என் கையெழுத்திலேயே குறித்திருக்கிறேன்.

கடிதம் இல்லை, கூட்டம் இல்லை. தலைவர் தனியாக ஏற்க அதிகாரம் இல்லை. ஆக அவர்தான் செயலாளர். முடிந்தது.

கறுப்புக்கோட்டு | புதன், காலை 7.00

முடியவில்லை ஐயா. பொதுக்குழுவில் கை தூக்கினால் மட்டும் துணைவிதி மாறாது. திருத்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவு செய்தால்தான் செல்லும். 2009 திருத்தம் பதிவானதா? மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சங்கத்தின் கோப்பைப் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். யாராவது போய் வாருங்கள். போகும்போது ஏழாம் எண் படிவமும் பாருங்கள். நிர்வாகிகள் மாறும்போதெல்லாம் தாக்கல் செய்ய வேண்டியது.

பழைய_அணா | வியாழன், மாலை 5.40

அரை நாள் விடுப்பு போட்டுப் போய்விட்டு வந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, காசு சேர்ப்பதற்கே திட்டு.

எழுத்தர் பொறுமையாக இருந்தார். கோப்பை எடுத்துத் தூசு தட்டி, புரட்டிவிட்டு, "இந்தச் சங்கம் இன்னும் நடக்கிறதா?" என்று கேட்டார்.

2009 திருத்தம் கோப்பில் இல்லை. கோப்பில் இருப்பது முதல் துணைவிதி. அதில் ராஜினாமா பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

ஏழாம் படிவம் கடைசியாகத் தாக்கல் செய்தது ஒன்பது வருடத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு மூன்று தேர்தல் நடத்தி, மூன்று தடவை மாலை போட்டு, போட்டோ எடுத்தோம். அரசாங்கக் கோப்பில் எதுவும் இல்லை. கோப்புப்படி இன்றைக்கும் நம் தலைவர், கொரோனா நேரத்தில் காலமான நம் பெரியவர். செயலாளர் என்று இருப்பவர் மகனோடு வெளிநாடு போய்விட்டவர். இப்போது சண்டை போடுகிற இருவர் பெயரும் அதில் இல்லை. பொருளாளர் பெயர் மட்டும் இருக்கிறது, அதிலும் தலைப்பெழுத்து தப்பு.

தீப்பெட்டிப்படம் | வியாழன், மாலை 5.50

ஆக, செயலாளர் அல்லாதவர் கொடுக்காத ராஜினாமாவைத் தலைவர் அல்லாதவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

செப்புக்காசு | வியாழன், மாலை 6.10

தம்பிக்கு ஒரு லேபிள் ஆல்பம் என் செலவில்.

கட்டைவிரல் | வியாழன், இரவு 8.00

சிரியுங்கள். ஆனால் படிவம் தாக்கல் செய்ய வேண்டியது யார் வேலை? செயலாளர் வேலை. மூன்று தேர்தலிலும் செயலாளர் யார்? இவரேதான். இத்தனை நாள் நான் சொன்னது இதைத்தானே? கேள்வி கேட்டால் ராஜினாமா, ராஜினாமா என்றால் காபி.

முதல்நாள்_உறை | வியாழன், இரவு 8.35

ஒப்புக்கொள்கிறேன். நான் அவர் பக்கம் பேசினேன், இந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் நீங்களும் நானும் உட்கார்ந்திருந்தோமே, ஒரு தடவையாவது கேட்டோமா?

பரிசு கொடுக்கும் கூட்டத்தில் உத்திரமேரூர் என்று வாய் வலிக்கப் பேசுவோம். முதலாம் பராந்தகன் கல்வெட்டு, குடவோலை, முப்பது குடும்பு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனையும், அவன் உறவுக்காரர்களையும் ஓலையில் பெயர் எழுதக் கூடாது என்று 921ஆம் வருடமே அதே கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறான். அந்தப் பகுதியை மட்டும் யாரும் படிப்பதில்லை. மேசைக்குக் குலுக்கல் வேண்டும் என்று கேட்ட நம் செயலாளருக்குக் குடவோலை பிடித்தது, கணக்கு பிடிக்கவில்லை.

கறுப்புக்கோட்டு | வியாழன், இரவு 9.30

இப்போது என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாக எழுதுகிறேன், கட்டணம் வேண்டாம்.

சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் மாவட்டப் பதிவாளரை விசாரிக்கச் சொல்லலாம். ஆனால் இரண்டு கோஷ்டியில் யார் உண்மையான நிர்வாகி என்று அவர் முடிவாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். போனால் உங்கள் கால் அணாவெல்லாம் இன்னும் பழைய காசாகிவிடும். அதைவிட, இருவரும் சேர்ந்து ஒரே அறிவிப்பில் கையெழுத்திட்டுச் சிறப்புப் பொதுக்குழு கூட்டுங்கள். விட்டுப்போன தேர்தல்களின் விவரத்தை அங்கே உறுதி செய்து, தாமதத்துக்கு விளக்கம் எழுதி, வேண்டிய கட்டணம் கட்டித் தாக்கல் செய்யுங்கள். சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் புதுத் தேர்தலும் வைத்துவிடுங்கள். ராஜினாமா என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். அவர் நின்று ஜெயிக்கட்டும், அல்லது தோற்கட்டும்.

ஒன்று, துணைவிதியில் ராஜினாமா பற்றி எழுதும்போது "வாட்ஸ்அப் மூலம் செல்லாது" என்று சேர்த்துவிடுங்கள்.

ஈயக்காசு | வியாழன், இரவு 9.50

தலைவராக நிற்கும் டீலர் மேசை ஒதுக்கும் குழுவில் இருக்கக் கூடாது என்பதையும்.

கட்டைவிரல் | வியாழன், இரவு 10.05

இருக்கட்டும். அப்போது மண்டப முன்பணத்தைச் சங்கமே கட்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். கைக்காசும் அவர் போட வேண்டும், வாயையும் மூட வேண்டும் என்றால் எப்படி?

பழைய_அணா | ஞாயிறு, பகல் 1.20

கடைசித் தகவல். நேற்று மாலை நானும் கட்டைவிரல் அண்ணனும் செயலாளர் வீட்டுக்குப் போனோம். சமாதானம் பேச இல்லை, பதிவாளர் அலுவலகத்து நகலைக் காட்ட. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். 2009 திருத்தத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்ததாகச் சொன்னார். யாரிடம் என்றால் ஞாபகம் இல்லை. அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. அவர் மனைவிதான் காபி கொண்டுவந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். குடித்தோம்.

பொதுக்குழு அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று காலை தலைவரும் போட்டார், தேதி போடாமல். போடச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பீரோ சாவியைக் கேட்டேன். தேர்தல் முடிந்து யார் வருகிறாரோ அவரிடம்தான் தருவேன் என்றார். 47ஆம் லாட்டை மட்டும் திறந்து எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து எண்ணினால் மூன்று கால் அணாதான் இருக்கிறது.